உழைத்து ஓய்ந்தவர்களின் உறக்கம்

உண்ண உணவும், உடுக்க உடையும், ஒதுங்க ஒரு கூரையும் மனிதனுக்கு இன்றியமையாதவை என்று பள்ளிப் பருவம் முதலே படித்து வருகிறோம். இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க நான்காவது பொருள் ஒன்று உண்டு. அதுதான் நித்திரை. அதனைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. அயலாரிடம் கடன் கேட்க வேண்டியதுமில்லை. இரவு வந்தால் ஏழைக்கும் செல்வனுக்கும் அது தானாகவே கிட்டிவிடும் என்றே நாம் நம்பியிருக்கிறோம். ஆனால், இரவு முழுவதும் கண்ணை மூடிக் கிடந்தும் நல்ல உறக்கத்தின் பயனைச் சிறிதும் அடையாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தமக்கு ஒரு நோய் இருக்கிறது என்பதையே அவர்களுள் பலர் அறியார்.

கொத்மலைப் பகுதியிலே ஒரு தேயிலைத் தோட்டம். மலைச்சரிவை ஒட்டி நீண்டு கிடக்கிறது ஒரு பழைய லயம். அதன் ஒரு காம்பராவில் நிகழும் இரவுக் காட்சியை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். இஃது எந்த ஒரு குடும்பத்தின் கதையுமன்று. பல வீடுகளில் நடப்பதை ஒன்றாகத் திரட்டித் தீட்டிய சித்திரம்.

நாற்பது ஆண்டுகள் கூடையை முதுகிற் சுமந்து கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி படுத்திருக்கிறாள். அவள் அருகே பள்ளிக்கூடம் செல்லும் பேத்தி. பாட்டியின் குறட்டை மரப்பலகைத் தடுப்பைத் தாண்டி அடுத்த காம்பராவுக்கும் கேட்கிறது. திடீரென்று அது நின்றுவிடுகிறது. சத்தம் ஓய்ந்ததே என்று சிறுமி மகிழவில்லை. அஞ்சி எழுந்து உட்காருகிறாள். பாட்டியின் மார்பு ஏறி இறங்குகிறது. ஆனால் மூக்கில் காற்று இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறாள். இருபதைத் தாண்டியதும் பொறுக்க முடியாமல் தோளைப் பிடித்து உலுக்குகிறாள்.

“அப்பாயி! அப்பாயி! மூச்சு விடுங்க அப்பாயி!”

பெருமூச்சுடன் திணறி விழித்த பாட்டி, “என்னடி இது, தூங்கவும் விடமாட்டியா? நான் நல்லாத்தானே தூங்கிக்கிட்டு இருந்தேன்?” என்று கடிந்துகொள்கிறாள்.

விடிந்ததும் தலை கனக்கிறது. இஸ்தோப்பில் உட்கார்ந்து தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடியே தூங்கி வழிகிறாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் “கும்பகர்ணன் பரம்பரை” என்று கேலி செய்கிறார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, “நாப்பது வருசமா விடியமுந்தி எந்திரிச்ச உடம்பு, இப்பத்தான் தூங்குது” என்று சமாதானம் சொல்கிறாள். கேட்பவர்களுக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆபத்து இருப்பது அந்தச் சமாதானத்திலேதான்.

மூச்சை மறிக்கும் நித்திரை

நாம் உறங்கும்போது உடலின் தசைகள் தளர்கின்றன. தொண்டையின் தசைகளும் அவ்வாறே தளர்கின்றன. சிலருக்கு இத்தளர்ச்சி மிகுந்து, நாக்கின் அடிப்பகுதியும் அண்ணத்தின் மென்மையான பகுதியும் பின்னோக்கிச் சரிந்து, மூச்சுப் பாதையை ஒடுக்கிவிடுகின்றன. ஒடுங்கிய பாதையிலே காற்று செல்லும்போது எழும் அதிர்ச்சியே குறட்டை. பாதை முற்றாக அடைபட்டால் குறட்டையும் நின்றுவிடும், மூச்சும் நின்றுவிடும். இரத்தத்திலே பிராணவாயு குறைகிறது. உடனே மூளை அபாயக்குரல் எழுப்பி, உறங்குபவரை ஒரு கணம் விழிக்கச் செய்கிறது. தசை இறுகுகிறது, பாதை திறக்கிறது, மீண்டும் நித்திரை, மீண்டும் அடைப்பு. அந்த ஒரு கண விழிப்பு காலையில் நினைவில் இருப்பதில்லை. ஆகவேதான் ‘நான் நன்றாகத் தூங்கினேன்’ என்று நோயாளி மனமறிந்து பொய் சொல்லாமலே பொய் சொல்லிவிடுகிறார்.

குறட்டை விடுவோர் அனைவருக்கும் இந்நோய் உண்டு என்று எவரும் கலங்க வேண்டியதில்லை. பத்து விநாடி அல்லது அதற்கு மேலாக மூச்சு நின்றாலோ மிகவும் குன்றினாலோ, அதனை ஒரு தடை என்று வைத்தியர்கள் கணக்கிடுவர். ஒரு மணி நேரத்துக்கு ஐந்துக்குக் குறைவான தடைகள் பெரியவர்களிடத்தில் இயல்பானவை. ஐந்து முதல் பதினைந்து வரை இலேசான நோய். பதினைந்து முதல் முப்பது வரை நடுத்தரம். முப்பதைக் கடந்தால் கடுமை. கடுமையான நிலையில் இருப்பவர், ஒவ்வோர் இரண்டு நிமிடத்துக்கும் ஒரு தடவை மூச்சுக்காகப் போராடுகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். பகலில் தூக்கம், காலைத் தலைவலி, மறதி, எரிச்சல் என்பவை இதன் வெளி அடையாளங்கள். உயர் இரத்த அழுத்தமும், இருதயத் துடிப்பின் ஒழுங்கின்மையும், பாரிசவாதமும் இந்நோயுடன் நெருங்கிய உறவுடையவை. 2019ஆம் ஆண்டு வெளியான ஒரு மருத்துவ மதிப்பீட்டின்படி, உலகில் 30 முதல் 69 வயது வரையுள்ளவர்களில் 93 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இலேசாகவோ கடுமையாகவோ இந்நோய் உண்டு.

உடல் பருத்தவர்களுக்கு இது மிகுதியாக வரும் என்பது உண்மையே. ஆயினும் மெலிந்தவர்களுக்கு வராது என்பதில்லை. தாடை சிறுத்து உள்ளடங்கியிருந்தாலும் மூச்சுப் பாதை ஒடுங்கும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பின்னர் இந்நோய் வரும் வாய்ப்புப் பெருகுகிறது. தோட்டங்களிலே கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலார் பெண்களே. அவர்கள் ‘அசதியாக இருக்கிறது’ என்று சொன்னால், ‘வேலைக் களைப்பு’ என்றோ ‘இரத்தக் குறைவு’ என்றோ சொல்லி அனுப்பிவிடுவது எளிது. பல சமயங்களில் அது சரியாகவும் இருக்கும். ஆனால், ஓய்வு பெற்று ஆண்டுகள் சென்ற பின்னும் களைப்பு நீங்கவில்லையெனில், இரவில் நடப்பது யாது என்று கேட்க வேண்டாமா? பெண்ணொருத்தி குறட்டை விடுகிறாள் என்று பிறரிடம் சொல்வதற்கே வெட்கப்படும் நம் வழக்கம், இந்தக் கேள்விக்கும் திரை போட்டுவிடுகிறது.

ஒரு நாவலிலிருந்து ஆய்வுகூடத்துக்கு

ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836, 1837ஆம் ஆண்டுகளில் எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்னும் நூலிலே, நின்றபடியே உறங்கிக் குறட்டை விடும் பருத்த பையன் ஒருவன் வருகிறான். வாசகர்கள் சிரிப்பதற்காகப் படைக்கப்பட்ட பாத்திரம் அவன். நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 1956இல், பருமனும் பகல் தூக்கமும் மூச்சுக் குறைவும் சேர்ந்த ஒரு நோய் நிலைக்கு அமெரிக்க வைத்தியர்கள் அந்த நாவலின் பெயரையே சூட்டினர். 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆராய்ந்தவர்கள், உறக்கத்தில் மூச்சு மீண்டும் மீண்டும் நின்றுபோவதைக் கருவிகளால் பதிவு செய்து காட்டினர். 1981இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கொலின் சல்லிவன் என்னும் வைத்தியர், மூக்கின் வழியாக மெல்லிய அழுத்தத்துடன் இடைவிடாது காற்றைச் செலுத்தினால் தொண்டை மூடாமல் நிற்கும் என்று நிறுவினார். இன்று ‘சீபாப்’ என வைத்தியசாலைகளில் வழங்கும் கருவி இவ்வாறு பிறந்ததே. நூறு ஆண்டுக்கு மேலாகக் கேலிப் பொருளாயிருந்த ஒன்றுக்கு மருந்து கிடைத்தது. ஆனால், மருந்து கிடைப்பது வேறு; மக்களுக்கு அது எட்டுவது வேறு.

மருந்துக்கு முன்னர் சோதனை வேண்டும். முழு நித்திரைச் சோதனைக்கு நோயாளி ஓரிரவு வைத்தியசாலையில் உறங்க வேண்டும். தலையில், கண்ணோரத்தில், தாடையில், மார்பில், விரலில், காலில் என்று பல இடங்களிலும் மெல்லிய கம்பிகளும் பட்டிகளும் பொருத்தி, மூளையின் அலைகளையும் மூச்சையும் பிராணவாயுவின் அளவையும் இருதயத் துடிப்பையும் விடியும்வரை பதிவு செய்வார்கள். நோவு சிறிதும் இல்லை. இதற்கு ஒரு தனியறை, ஒரு பதிவுக்கருவி, இரவெல்லாம் கவனிக்க ஒருவர், மறுநாள் அதனைப் படித்துச் சொல்லத் தேர்ந்த ஒருவர் ஆகிய நான்கும் தேவை. ஆகவே ஓரிரவுக்கு ஓரிருவரையே சோதிக்க முடியும். இதிலிருந்துதான் காத்திருப்புப் பிறக்கிறது.

இரு வாசல்கள்

நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையின் வாசல் எவருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. அது நாம் பெருமைப்படத்தக்க செல்வம். கொத்மலைத் தோட்டத்து மக்கள் நாவலப்பிட்டி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ செல்லலாம். ஆனால், முழு நித்திரைச் சோதனை என்றால் கண்டி, கொழும்பு போன்ற பெருநகரங்களை நோக்கியே முகத்தைத் திருப்ப வேண்டும். மற்ற வாசல் தனியார் வைத்தியசாலையுடையது. அங்கே காத்திருப்புக் குறைவு; கட்டணமோ அதிகம். சோதனை முடிந்து கருவி வாங்கச் சொன்னாலோ, அதன் விலை ஓர் இலட்சம் ரூபாவைத் தாண்டுகிறது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாளொன்றுக்கான அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கைக் கொண்டாலும், ஓர் இலட்சம் சேர்க்க ஏறத்தாழ 75 முழுப் பேர் வேண்டும். அதுவும் ஒரு நாளும் உண்ணாமல் சேர்த்தால்!

ஓய்வு பெற்றவருக்கோ அந்தப் பேரும் இல்லை. அரசாங்க உத்தியோகத்தருக்கு இருப்பதுபோல் மாதா மாதம் ஓய்வூதியம் தோட்டத் தொழிலாளிக்கு இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த சேமலாப நிதியும், அதன் பின் வந்த நம்பிக்கை நிதியும், சேவைக்காலப் பணமும் ஒரே தடவையில் கைக்கு வருகின்றன. மகளின் கல்யாணம், கூரைத் தகரம், பழைய கடன் என்று அவை வந்த வழியே போய்விடுகின்றன. கண்டிக்குப் போவதென்றால் பாட்டியால் தனியே போக இயலாது. துணைக்குச் செல்லும் மருமகளுக்கு அன்றைய பேர் போய்விடும். ஒரு நாள் பார்வைக்கு, ஒரு நாள் திகதி வாங்க, ஒரு நாள் சோதனைக்கு, ஒரு நாள் முடிவுக்கு என நான்கு பேர் போகும். இலவச வைத்தியத்தின் விலை இவ்வாறு பஸ் கட்டணத்திலும் இழந்த கூலியிலும் ஒளிந்திருக்கிறது.

இந்த இரு வாசல்களுக்கும் முன்பாகத் தோட்டத்திலேயே மூன்றாவதாக ஒரு சிறு வாசலும் உண்டு. அதன் வரலாறு பழையது. கோப்பிக் காலத்திலேயே, 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டப் பகுதிகளில் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்ய வழிவகுத்தது. தொழிலாளி நோயுற்றால் தோட்டம் பார்க்கும், பெரிய நோயானால் அரசாங்கம் பார்க்கும் என்ற பிரிவினை அப்போதே வேரூன்றிவிட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது; தோட்ட வைத்தியசாலைகள் சில அரசாங்கத்தின் கைக்கு மாறின. இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும், தோட்டத்து டிஸ்பென்சரியே வயோதிகர்கள் நடந்து சென்றடையக்கூடிய வாசலாக இருக்கிறது. ‘டாக்டரையா’ என்று அவர்கள் அழைக்கும் தோட்ட வைத்திய உதவியாளருக்கு ஒவ்வொரு குடும்பமும் தெரியும். ஆனால், பிரஷர் பார்க்கும் அந்த மேசையில் ‘இரவிலே மூச்சு நிற்கிறதா?’ என்ற கேள்வி எழுவது அரிது.

அமெரிக்கா கற்ற பாடம்

காத்திருப்பும் தொலைவும் ஏழை நாடுகளுக்கு மட்டும் உரிய குறைகள் அல்ல. அமெரிக்காவிலே ஓய்வு பெற்ற படைவீரர்களுக்கென்று அரசாங்கமே தனி வைத்தியசாலைகளை நடத்துகிறது; ஏறத்தாழ 90 இலட்சம் பேர் அவற்றிலே பதிவு செய்திருக்கிறார்கள். போர்க்களத்தின் நினைவுகளால் உறக்கம் குலைந்தவர்களும், மூச்சுத் தடையால் வருந்துபவர்களும் அவர்களிடையே மிகப் பலர். 2014ஆம் ஆண்டிலே பீனிக்ஸ் நகரின் படைவீரர் வைத்தியசாலையில் காத்திருப்போர் பட்டியல் மறைக்கப்பட்டமை வெளிவந்து நாடே கொதித்தது. அவ்வாண்டிலேயே ஒரு சட்டம் இயற்றினார்கள். முப்பது நாளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தாலோ, நாற்பது மைலுக்கு மேல் செல்ல நேர்ந்தாலோ, படைவீரர் தம் ஊரிலுள்ள வெளி வைத்தியரிடம் அரசாங்கச் செலவிலேயே போகலாம் என்றது அச்சட்டம். 2018இல் அதனைத் திருத்தி எழுதினார்கள். 2019 ஜூன் 6ஆம் திகதி முதல், நித்திரைச் சோதனை போன்ற சிறப்பு வைத்தியத்துக்குப் பயண நேரம் 60 நிமிடம், காத்திருப்பு 28 நாள் என்பவையே எல்லைகள். இவற்றுள் ஒன்று மீறப்பட்டாலும் வெளி வைத்தியரை நாடும் தகுதி உண்டு.

இதனால் எல்லாம் சீராகிவிட்டது என்று கூறுவதற்கில்லை. வெளியே செய்த சோதனையின் முடிவு அரசாங்க வைத்தியரின் கோப்புக்கு வந்து சேராவிட்டால், நோயாளி இரு வாசலுக்கும் இடையே பந்துபோல் உதைபடுவார். வெளி வைத்தியரிடமும் கூட்டம் இருந்தால் காத்திருக்கும் இடம் மாறுமேயன்றிக் காத்திருப்பு மாறாது. எனவே, அரசாங்கமா வெளியாரா என்ற வாதத்தோடு நில்லாமல், மூன்றாவது வழி ஒன்றையும் அங்கே கையாள்கிறார்கள். சிறிய சோதனைக் கருவியைப் படைவீரரின் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். அவர் தம் கட்டிலிலேயே ஓரிரவு அதனை அணிந்து உறங்குகிறார். தொலைவிலுள்ள வைத்தியர் பதிவைப் படித்துச் சொல்கிறார். நோயாளி மலையிறங்குவதற்குப் பதிலாகச் சோதனை மலையேறுகிறது.

நாற்பது ஆண்டுகள் சீருடையின்றி, பதக்கமின்றி, மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தவர்களை உழைப்புப் படையின் ஓய்வுபெற்ற வீரர்கள் என்று சொன்னால் மிகையாகுமா? அவர்களுக்கும் ‘இத்தனை நேரப் பயணத்துக்குள், இத்தனை நாளுக்குள்’ என்று ஓர் எல்லை எழுதப்பட வேண்டும். இக்கட்டுரை கேட்பது அவ்வளவே.

கொத்மலைக்கு வேண்டியது

எல்லைக்குள் சோதனை நடப்பதற்கு வழியும் இல்லாமல் இல்லை.

முதலாவது படி கேள்வி. அதற்கு மின்சாரமும் வேண்டாம், ஆய்வுகூடமும் வேண்டாம். அவுஸ்திரேலிய வைத்தியர் மரி ஜோன்ஸ் 1991இல் வெளியிட்ட எப்வேர்த் அளவைக் கேள்வித்தாளில், எட்டுச் சந்தர்ப்பங்களில் தூங்கிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி இடுகிறார்கள். மொத்தம் 24, பத்தைத் தாண்டினால் வைத்தியர் கவனிக்க வேண்டும். ஆனால், புத்தகம் வாசிக்கும்போது, மோட்டார்க் காரில் இருக்கும்போது என்ற கேள்விகள் லயத்துப் பாட்டிக்குப் பொருந்துமா? நாவலப்பிட்டி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, கோயிற் பஜனை கேட்கும்போது, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப் போகிறீர்களா என்று அவளுக்குரிய தமிழில் கேட்க வேண்டும். அத்தகைய வினாத்தாளைத் தகுந்த வைத்தியர்கள் ஆராய்ந்து அமைத்துக் கொடுத்தால், டாக்டரையாவின் மேசையில் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

இரண்டாவது, சோதனையை அருகே கொண்டுவருவது. 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில், விரலில் மாட்டிப் பிராணவாயுவை அளக்கும் சிறு கருவியை நம் மக்கள் கண்டிருக்கிறார்கள். இரவெல்லாம் பதிவு செய்யும் வகையும், மூச்சோட்டத்தையும் மார்பின் அசைவையும் சேர்த்துப் பதியும் வகையும் ஒரு சிறு பெட்டியில் அடங்குவன. அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் இத்தகைய பெட்டிகள் சில இருந்தால், இன்று ஒரு தோட்டம், நாளை மற்றொன்று என்று அவை சுற்றி வரலாம். பதிவைப் பெருநகரத்து வைத்தியர் படிக்கலாம். இருதய, நுரையீரல் நோய் முற்றியவர்களையும், வீட்டுச் சோதனையில் தெளிவு கிடைக்காதவர்களையும் மட்டும் முழுச் சோதனைக்கு அனுப்பினால், அங்குள்ள வரிசையும் குறையும்.

மூன்றாவது, சோதனைக்குப் பின் கைவிடாதிருத்தல். கருவியை விலைக்கு வாங்க இயலாதவருக்கு அரசாங்கம் இரவலாகவேனும் வழங்க வழி காண வேண்டும். அதனைப் பயன்படுத்தும் விதம் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரச மொழியே. கருவி இரவு முழுவதும் இயங்க மின்சாரம் தேவை. 1985இல் நிறைவேறிய கொத்மலை அணையின் நீர் நாட்டுக்கெல்லாம் ஒளி தருகிறது. அதனைச் சூழ்ந்த மலைகளில் வாழும் ஒரு முதியவளின் மூச்சுக்கும் அதில் ஒரு துளி சேரட்டுமே!

வீட்டார் செய்யக்கூடியவை

அதுவரை நாமும் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. இந்நோய்க்கு முதற் சாட்சி நோயாளி அல்லர், பக்கத்தில் படுத்திருப்பவரே. குறட்டை விட்டு விட்டு வருகிறதா, மூச்சு நின்று திணறி எழுகிறாரா என்று இரண்டு மூன்று இரவுகள் கவனியுங்கள். கைத்தொலைபேசியில் சில நிமிடம் பதிவு செய்து, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்து ஒழுங்காக உண்டும் பிரஷர் அடங்கவில்லையெனில் இதனைச் சொல்ல மறவாதீர்கள். மல்லாந்து படுப்பதைவிட ஒருக்களித்துப் படுப்பது பலருக்கு நன்மை தரும். உடல் பருத்தவர்கள் எடையைக் குறைப்பதும், எவராயினும் மதுவையும் புகையையும் நீக்குவதும் நலம். வைத்தியர் சொல்லாமல் தூக்க மாத்திரை உண்பதோ, தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி நோயை முற்றச் செய்யக்கூடும். பகலில் கண் செருகுபவர், சோதித்துத் தேறும்வரை வாகனம் ஓட்டலாகாது.

சித்திரத்திலே கண்ட அந்தப் பேத்தியை மீண்டும் நினைவு கூர்வோம். இருட்டிலே விழித்திருந்து பாட்டியின் மூச்சை எண்ணுகிறாளே, அவள் செய்வதும் ஒரு சோதனைதான். கருவியில்லை, கட்டணமில்லை; அன்பு ஒன்றே அதன் மூலதனம். ஆனால், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை எத்தனை இரவுகள் அப்படி விழித்திருப்பாள்? அவள் எண்ணிய எண்ணிக்கையை ஒரு வைத்தியர் கேட்டுக் குறித்துக்கொள்ளும் நாள் வரவேண்டும். அன்று பாட்டியும் உறங்குவாள், பேத்தியும் உறங்குவாள்.